சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டே இயற்கை மொழிச் செயலாக்கம் படிப்பது எப்படி?

கணினி அறிவியல் பட்டப்படிப்பில் இயற்கை மொழிச் செயலாக்கத்தை, அதாவது மனித மொழியைக் கணினியைக் கொண்டு கையாளும் துறையை, விருப்பப் பாடமாக எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகருக்குக் குடிவந்தோம். தொலைக்கல்வி வழியாக வீட்டிலிருந்தே இந்தப் பாடத்தை முடித்தேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிட்டால் இதில் பாதிதான் விளங்கும். முதல் வாரத்திலிருந்தே தமிழையும் கூடவே வைத்துக்கொண்டு படியுங்கள்.

பருவம் தொடங்குமுன் பைத்தான் நிரல்மொழி, நிகழ்தகவு, அணிகளின் பெருக்கல் மூன்றும் பழகியிருக்க வேண்டும். படிவம் ஆறில் கணிதம் எடுக்காதவர்கள் நிகழ்தகவிலிருந்து தொடங்குங்கள்.

பைத்தான் ஓரளவு வந்ததும் ‘தோட்டம்’ என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளத்தைக் கேளுங்கள். நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. பைத்தான் 7 என்று சொல்லும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு, புள்ளியையும் ஓகாரக் குறியையும் தனித்தனிக் குறியெண்களாக வைத்திருப்பதே காரணம். குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 3 பைட் தேவை. ஆக மொத்தம் 21 பைட். பைட்டுகளிலிருந்து சொற்களைத் துண்டாக்கும் மொழி மாதிரிகளில் (அடுத்து வரும் சொல்லை ஊகிக்கும் நிரல்களில்) தமிழ் வாக்கியம் ஏன் அத்தனை துண்டுகளாகச் சிதறுகிறது என்பது இங்கேயே புரிந்துவிடும். இன்னொன்றையும் பாருங்கள். ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் பைத்தான் வேறுவேறு என்று சொல்லிவிடும். எந்தத் தமிழ்த் தரவு கைக்கு வந்தாலும் முதலில் இப்படிப்பட்டவற்றை ஒரே வடிவாக்கும் என்.எஃப்.சி. (NFC) சீராக்கம் செய்துவிடுங்கள்.

அடுத்து, முந்தைய ஒரு சொல்லை மட்டும் வைத்து அடுத்த சொல்லை ஊகிக்கும் இருசொல் மாதிரியைக் கணினி இல்லாமல் தாளில் போட்டுப் பாருங்கள். நாளிதழிலிருந்து இரண்டு பத்திகள் போதும். எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வருகிறது என்று கட்டம் போட்டு எண்ணி, முதல் சொல் வந்த மொத்தத் தடவையால் வகுத்தால் நிகழ்தகவு கிடைக்கும். தோட்டத்தில், தோட்டத்துக்கு, தோட்டத்தை என ஒவ்வொன்றும் தனிச் சொல்லாகிவிடுவதால் பெரும்பாலான கட்டங்களில் பூச்சியம்தான் விழும். பாடத்தில் நிகழ்தகவைச் சமன்படுத்தும் உத்திகள் எதற்காக வருகின்றன, சொல்லைத் துண்டாக்குவது எதற்காக என்பதெல்லாம் அந்தப் பூச்சியங்களைப் பார்த்தவர்களுக்குத் தானாக விளங்கும்.

விரிவுரைகளுக்குத் துணையாக, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிறிஸ்டஃபர் மேனிங் இதே துறையில் நடத்திய சி.எஸ். 224 என் (CS224N) பாடத்தின் காணொளிகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. சொற்களை எண் வரிசைகளாக மாற்றும், 2013இல் வந்த வேர்ட்2வெக், இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான, 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் இரண்டையும் பற்றிய பகுதிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மாலை மழையில் இணையம் அறுந்துபோகும் ஊர் நம்முடையது. காணொளிகளைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. பயிற்சிகளுக்கு, உலாவி வழியாகவே கூகுளின் கணினிகளில் நிரலை ஓட்டவிடும் கூகுள் கோலேப் போதும், விலையுயர்ந்த மடிக்கணினி வேண்டியதில்லை. இணைப்பு நீண்ட நேரம் விட்டுப்போனால் அங்கே வைத்த கோப்புகள் அழிந்துவிடும் என்பதால், மாதிரியை அவ்வப்போது கூகுள் டிரைவில் சேமிக்கும்படி நிரலிலேயே எழுதிவிடுங்கள்.

இறுதித் திட்டப்பணிக்கு வருகிறேன். ஆங்கிலத் திரைப்பட விமர்சனங்களை நல்லது கெட்டது என்று பிரிக்கும் பணியை எடுக்காதீர்கள். எத்தனையோ பேர் செய்து முடித்தது அது. நம் ஊர்ப் பேச்சை எடுங்கள். நம் பிள்ளைகள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ரோமன் எழுத்தில் கலந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த மொழி என்று கண்டுபிடிக்கும் நிரல் எழுதுவது அருமையான பணி. ஏ, டி, ஏ என்று மூன்று எழுத்து வந்தால் அது தமிழின் ‘அட’வாக இருக்கலாம், ‘உண்டு’ என்று பொருள்படும் மலாய்ச் சொல்லாகவும் இருக்கலாம். பக்கத்துச் சொற்களைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெளியூர்த் தரவுத் தொகுப்புகளில் பயின்ற மாதிரிகளுக்கு நம் மலாய்க் கலப்பு பழக்கமில்லை. இங்கே நீங்கள் செய்யும் சிறு வேலைக்கும் உண்மையான மதிப்பு உண்டு.

செய்திகளைக் கேட்டு வாங்கும்போது எழுத்துமூலம் சம்மதம் பெறுங்கள். பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒவ்வொரு சொல்லும் எந்த மொழி என்று இருவர் தனித்தனியாகக் குறியிட்டு, அவர்களின் உடன்பாட்டை, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் கோஹனின் கப்பா அளவால் சோதியுங்கள். ஒரே ஆள் எழுதிய செய்திகள் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் இருந்தால் மதிப்பெண் பொய்யாக உயரும், ஆள்வாரியாகப் பிரியுங்கள். முதலில் சொல்லிலுள்ள எழுத்துத் தொடர்களை வைத்து, நிகழ்தகவால் மொழியை ஊகிக்கும் எளிய நைவ் பேய்ஸ் மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் அதை எவ்வளவு மிஞ்சுகிறது, எந்தச் சொற்களில் தோற்கிறது என்ற அட்டவணையே அறிக்கையின் உயிர். குறியிடும் வேலை எதிர்பார்ப்பதைவிட நெடுநாள் இழுக்கும்; பருவத்தின் பாதிக்கு முன்பே விரிவுரையாளரிடம் முன்மொழிவைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.