மூடப்பட்ட கால்பந்து கிளப்பின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

இந்தியாவில் ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப் தொடங்கப்படும்போது சின்னம் வெளியிடுவதும் ஜெர்சி அறிமுகமும் செய்தியாளர் சந்திப்பும் தவறாமல் நடக்கின்றன. அதே கிளப் மூடப்படும்போது நாளிதழில் இரண்டு பத்திச் செய்தி வந்தாலே பெரிது. அதன் பிறகு இணையதளம் நின்றுபோகிறது, அலுவலகம் காலியாகிறது, ஊழியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஜெர்சியை அணிந்து ஆடிய இளைஞர்களுக்கும் வெயிலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர்களுக்கும் அந்தச் சில ஆண்டுகள் சிறியவை அல்ல. அவற்றைப் பதிவுசெய்ய விரும்புவோருக்காக, நான் கற்றுக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆட்டங்களின் பட்டியலைத் தயாரியுங்கள். உரிமையாளர் யார், பணம் எங்கே போனது என்று ஆராயும் ஆவல் எல்லோருக்கும் முதலில் வரும், அதை ஒத்திவையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரணி என்று ஒன்று இருந்தது, அந்த எதிரணி பெரும்பாலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மூடப்பட்ட கிளப்பின் வரலாற்றில் பாதி அதன் எதிரணிகளின் கோப்புகளிலும், எதிரணியின் ஊர் நாளிதழ்களிலும், அந்த ஊர் ரசிகர்களின் ஆல்பங்களிலும்தான் இருக்கிறது. கொச்சியைச் சேர்ந்த, இப்போது இல்லாத எஃப்சி கொச்சின், இந்தியாவின் பழைய கால்பந்துத் தொடரான டுராண்ட் கோப்பையின் 1997ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் கொல்கத்தாவின் மோகன் பகானை 3-1 என்ற கணக்கில் வென்றது. கேரள அணி ஒன்று அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. இந்த ஆட்டத்தைப் பற்றி மலையாள நாளிதழ்களை மட்டும் படித்தால் கொண்டாட்டம்தான் கிடைக்கும். கொல்கத்தாவின் வங்க நாளிதழ்களையும் தேடினால், தோற்றவர்கள் கொச்சின் அணியின் ஆட்டத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது தெரியவரும். வங்கமொழி தெரியாது என்று தயங்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவரிடம் பக்கத்தின் படத்தை அனுப்பி, ஆட்டக்காரர் பெயர்களையும் நிமிடங்களையும் மட்டும் எழுதித்தரச் சொன்னாலே போதும்.

பட்டியல் போடும்போது பருவத்தின் பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. அப்போது நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக்கை 2014–15 ஐ-லீக் என்று எழுதுகிறோம், ஆனால் அந்தப் பருவத்தின் எல்லா ஆட்டங்களும் 2015 ஜனவரி 17க்கும் மே 31க்கும் இடையில்தான் நடந்தன. புனேயைச் சேர்ந்த பாரத் எஃப்சி ஆடிய ஒரே லீக் பருவம் அதுதான். 11 அணிகள் மோதியதால் அந்தக் கிளப்புக்கு மொத்தம் 20 லீக் ஆட்டங்கள். பருவத்தின் பெயரைப் பார்த்து அது ஓராண்டு லீக்கில் ஆடியது என்று எழுதினால் ஐந்து மாதங்களுக்கும் குறைவான ஒரு வாழ்வை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டியவர் ஆவோம். புள்ளிப்பட்டியலும் இதேபோல் ஏமாற்றும். அந்த ஆண்டு கடைசி இடம் பிடித்தது பாரத் எஃப்சி, ஆனால் கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்பட்டது பத்தாவது இடத்தில் இருந்த டெம்போ கிளப். கீழ்நிலை லீக்கில் ஆடாமல் நேரடி அனுமதி பெற்ற புதிய கிளப்புகளுக்குத் தரமிறக்கத்திலிருந்து விலக்கு இருந்ததே காரணம். இந்த விதியை எழுதாமல் பட்டியலை மட்டும் கொடுத்தால், படிப்பவர் பாரத் எஃப்சி தரமிறக்கப்பட்டதால்தான் மூடப்பட்டது என்று நினைத்துக்கொள்வார். அது விளையாடும் உரிமையைக் கையில் வைத்திருந்தபடியே விலகிய கிளப்.

புனே என்று சொன்னதும் இன்னொரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். 2007இல் தொடங்கிய புனே எஃப்சி வேறு, 2014இல் இந்தியன் சூப்பர் லீக்குக்காகத் தொடங்கிய எஃப்சி புனே சிட்டி வேறு, பாரத் எஃப்சி வேறு. மூன்றும் பாலேவாடியில் உள்ள அதே விளையாட்டு வளாகத்தில் ஆடியவை. பழைய செய்திகளில் மூன்றையும் ‘புனே அணி’ என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். ஆட்டம் நடந்த தேதி, தொடரின் பெயர், எதிரணி ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டுமே அந்தச் செய்தியை உங்கள் கிளப்பின் கணக்கில் சேருங்கள்.

கிளப் எப்போது முடிந்தது என்ற கேள்விக்கு ஒரே தேதியைத் தேடாதீர்கள். கடைசியாக ஆடிய ஆட்டத்தின் தேதி ஒன்று. லீக்கிலிருந்து விலகிய அல்லது உரிமம் இழந்த தேதி இன்னொன்று. கிளப்பை நடத்திய நிறுவனம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட தேதி மூன்றாவது. இவற்றுக்கிடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கலாம், ஆகவே தனித்தனியாகக் குறியுங்கள். மூன்றாவதை அறிய மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளம் உதவும். கிளப்பின் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பல கிளப்புகளை வேறு பெயருள்ள தனியார் நிறுவனங்களே நடத்தின, அந்தப் பெயர் பழைய டிக்கெட்டின் பின்புறத்திலோ பத்திரிகை அறிக்கையின் அடியிலோ சிறிய எழுத்தில் இருக்கும். நிறுவனம் இயங்குகிறதா, நீக்கப்பட்டதா என்பதை அங்கே கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆண்டறிக்கைகளைப் பார்க்கச் சிறு கட்டணம் உண்டு.

கிளப் ஊர் மாறியதா, பெயர் மாறியதா, அல்லது உண்மையிலேயே முடிந்துபோனதா என்பதையும் இந்த இடத்தில் தீர்மானியுங்கள். டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேசுவரத்துக்கு இடம்பெயர்ந்து ஒடிசா எஃப்சி ஆனது. அதைத் தொடர்ச்சி என்றே கொள்ளலாம். அதே ஆண்டு எஃப்சி புனே சிட்டியின் இடத்தில் ஹைதராபாத் எஃப்சி வந்தது, ஆனால் அது புதிய உரிமையாளர்கள் தொடங்கிய புதிய கிளப். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவது சரியாகாது என்பது என் கருத்து.

நாளிதழ்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை கன்னிமாரா பொது நூலகம் பெரிய கொடை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களையும் இதழ்களையும் பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. போகும்முன் தேதிகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஆட்டம் நடந்த நாளின் இதழைக் கேட்டால் முன்னோட்டம்தான் கிடைக்கும், மறுநாள் இதழைக் கேட்க வேண்டும். இரவு ஆட்டமாக இருந்தால் வெளியூர்ப் பதிப்பில் முடிவு இடம்பெறாமல் அதற்கடுத்த நாள் வந்திருக்கும், ஆகவே இரண்டு நாள் இதழ்களையும் வாங்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு கோலுக்கும் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும் என்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி. சென்னை சிட்டி எஃப்சியின் உச்சமான ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை வென்றால் ஐ-லீக் பட்டம். தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கிய அணிக்கு இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடிக்க ஆட்டம் 3-1 என்று முடிந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை வென்ற ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளோடு நிற்க, சென்னை சிட்டி 43 புள்ளிகளோடு பட்டம் வென்றது. எனவே இந்த நாளின் வரலாற்றை எழுத கோவைச் செய்தி மட்டும் போதாது, கோழிக்கோட்டுச் செய்தியும் தேவை. அந்தப் பருவத்தில் மான்சி 21 கோல்கள் அடித்தார் என்பதோடு நிறுத்திவிடவும் கூடாது. சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் 21 அடித்திருந்தார். தம் கிளப்பின் மீதுள்ள பாசத்தில் இந்தச் சமநிலையை விட்டுவிடுபவர்கள் உண்டு. இந்தப் பட்டத்தை வென்ற கிளப், 2021 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த பருவத்துக்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

ஆட்டக்காரர் பெயர்களுக்குத் தனி ஏடு வைத்துக்கொள்ளுங்கள். எஃப்சி கொச்சினுக்காக ஐ.எம். விஜயனும் ஆடினார், ராமன் விஜயனும் ஆடினார். வெறும் ‘விஜயன்’ என்று வரும் செய்தியை வைத்துக்கொண்டு கோலை யார் கணக்கிலும் எழுதிவிட முடியாது. தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களின் தலைப்பெழுத்து ஒரு செய்தியில் முன்னால் வரும், மற்றொன்றில் தந்தை பெயர் முழுவதும் குடும்பப்பெயர்போலப் பின்னால் வரும். ஒருவரையே இருவராக எண்ணும் தவறு இங்கேதான் நேர்கிறது. ஜெர்சி எண்ணும் களத்தில் ஆடிய நிலையும் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவைக்கும்.

நேர்காணலுக்கு முன்னாள் தலைவரைத் தேடுவதற்கு முன் ஜெர்சி துவைத்தவரையும், பேருந்து ஓட்டியவரையும், மைதானத்தில் கோடு போட்டவரையும் தேடுங்கள். அவர்களிடம் வரலாறு சொல்லுங்கள் என்று கேட்டால் தயங்குவார்கள். பழைய கைபேசியில் இருக்கும் ஒரு படத்தைக் காட்டச் சொல்லி, “அண்ணா, இந்தப் பக்கம் நிற்பது யார், இது எந்த ஊர் ஆட்டம்?” என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். சம்பளப் பாக்கி பற்றிச் சொல்வார்கள். அதைக் கவனமாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் ஒப்பந்தமோ கால்பந்து சம்மேளனக் குழுவின் உத்தரவோ கையில் இல்லாமல் பெயரோடு வெளியிடாதீர்கள். இன்னும் இதே துறையில் பிழைக்கும் ஒருவரின் வேலைக்கு அது ஆபத்தாகலாம்.

டிக்கெட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடை ரசீதுபோன்ற வெப்பத்தாளில் அச்சான டிக்கெட்டுகளை நண்பர் ஒருவர் அக்கறையாக லேமினேட் செய்தார். இயந்திரத்தின் சூடு பட்டதும் தாள் முழுவதும் கறுத்து, தேதியும் இருக்கை எண்ணும் போய்விட்டன. அத்தகைய டிக்கெட் கிடைத்த அன்றே இருபுறமும் படமெடுத்து, காகித உறையில் இட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

எழுதத் தொடங்கும்போது ஒவ்வொரு பருவத்துக்கும் முதலில் ஆட்ட அட்டவணை, பிறகு ஆட்டக்காரர் பட்டியல், அதன் பிறகே கதை என்ற வரிசையைக் கடைப்பிடியுங்கள். பார்வையாளர் எண்ணிக்கை கிடைக்காத ஆட்டங்களில் அந்தக் கட்டத்தில் சுழியம் போடாமல் சிறு கோடு மட்டும் இடுங்கள். சுழியம் போட்டால், அன்று மழையில் நனைந்துகொண்டு நின்றவர்கள் யாருமே வரவில்லை என்று பொருளாகிவிடும்; கோடு போட்டால், டிக்கெட்டை வைத்திருக்கும் யாரோ ஒருவர் பின்னால் வந்து நிரப்புவார்.