ஜேன் ஆஸ்டினை வாசிக்கும் முறை: காதலுக்கு முன் கணக்கு

ஜேன் ஆஸ்டினின் நாவல்களைக் காதல் கதைகள் என்றே நினைத்துக் கையிலெடுப்பவர்கள், யார் யாரை மணப்பார் என்பது புலப்பட்டதும் ஆர்வம் இழந்துவிடுகிறார்கள். வருமானமும் வாரிசுரிமையும் மனிதர்களை என்ன செய்கின்றன என்று சொல்லும் கதைகளாக அவற்றை வாசிப்பதே நல்ல தொடக்கம்.

முதலில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) நாவலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் ஆண்டு வருமானத்தையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள்: ஐந்து மகள்களின் தந்தையான பென்னட்டுக்கு 2,000 பவுண்டு, அக்கம்பக்கத்துக்குக் குடிவரும் இளைஞர் பிங்லிக்கு நாலைந்தாயிரம், அவருடைய நண்பர் டார்சிக்கு 10,000. பென்னட்டின் நிலம் ஆண் வாரிசுக்கு மட்டுமே சேரும் என்பதால், அவர் கண்ணை மூடினால் வீடு உறவினரான காலின்ஸின் கைக்குப் போய்விடும். இது மனத்தில் இருந்தால், ஐந்து மகள்களையும் கரையேற்றத் துடிக்கும் தாயைப் பார்த்து அத்தனை எளிதாகச் சிரிக்க முடியாது.

அடுத்து 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) நாவலின் இரண்டாம் அத்தியாயத்தை நிதானமாக, முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி மாற்றாந்தாய் பெற்ற மூன்று தங்கைகளுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு தர நினைக்கிறார் ஜான் டாஷ்வுட். மனைவி ஃபேனி பேசப் பேச அது 500 ஆகிறது. பிறகு அவர்களின் தாய்க்கு ஆண்டுக்கு 100 என்றாகிறது. பிறகு எப்போதாவது ஓர் 50. கடைசியில் வீடு மாற உதவுவதும் அவ்வப்போது மீனும் வேட்டை இறைச்சியும் அனுப்புவதுமே போதும் என்று முடிகிறது. இருவரும் தங்களை நல்லவர்களாகவே கருதிக்கொள்கிறார்கள், ஆசிரியரும் குறுக்கிட்டு ஒரு சொல் கண்டிக்கவில்லை. ஆஸ்டினின் கலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் பகுதியை நான் அறியேன்.

'எம்மா'வை இரண்டு முறை வாசித்தே ஆக வேண்டும். கதைசொல்லியின் கூற்று போலத் தோன்றும் வாக்கியங்கள் பல எம்மாவின் தப்புக்கணக்குகள்தாம் என்பது மறுவாசிப்பில்தான் பிடிபடும். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' காத்திருக்கட்டும். அது பொறுமை கேட்கும் நூல்.

இவற்றுக்குப் பின் வாழ்க்கை வரலாற்றுக்கு வரலாம். 1775இல் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயரின் ஸ்டீவன்டனில் பாதிரியார் மகளாகப் பிறந்த ஆஸ்டின், 1805இல் தந்தை இறந்தபின் தாயோடும் அக்கா கசாண்ட்ராவோடும் சகோதரர்களின் ஆதரவில் வாழ்ந்தார். 1809இல் அண்ணன் எட்வர்ட் சாட்டனில் தந்த வீட்டில்தான் அவருடைய எழுத்து நூல்களாக வெளிவரும் நிலையை எட்டியது. 1802 டிசம்பரில், 27 வயது நிறையவிருந்த வேளையில், வசதியான குடும்பத்து வாரிசான ஹாரிஸ் பிக்-விதரை மணக்கச் சம்மதித்து, மறுநாள் காலையே மறுத்துவிட்டார். இதை அறிந்தபின், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் அதே 27 வயதில் காலின்ஸை மணக்கச் சம்மதிக்கும் ஷார்லட் லூகாஸின் பகுதிக்குத் திரும்பிச் சென்று பாருங்கள்.

கடிதங்களைக் கடைசியில் படிக்கலாம். அவற்றுள் பலவற்றைக் கசாண்ட்ரா எரித்துவிட்டார். எஞ்சியவை ஏறத்தாழ 160தான். ஆகவே ஆஸ்டினின் மனத்தில் இருந்தது இன்னார்தான் என்று அடித்துச் சொல்லும் நூல்களைச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.