டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவது: என் அனுபவம்

நான் வாங்கிய பழைய காருக்கு 9 வயது, ஓடியது 62,000 கிலோமீட்டர்தான். கையேட்டில் 1,00,000 கிலோமீட்டர் அல்லது 7 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது டைமிங் பெல்ட்டை (இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒத்திசைந்து இயங்க வைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை) மாற்றவும் என்று தெளிவாகவே இருந்தது, நான் கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிய தப்பு. வண்டி சும்மா நின்றாலும் ரப்பருக்கு வயதாகும்.

ஒரு நாள் மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், பற்களின் அடியில் மயிரிழை போல வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது, அப்புறம் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சீலில் இருந்து கசிந்த ஆயில் வேறு. அதோடு வண்டியை எடுக்கவில்லை. என்னுடையது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் இடிக்கும் வகை இன்ஜின், வால்வு வளைந்தால் இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டும்.

பெல்ட்டோடு டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை), ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை), சீல் எல்லாம் மாற்றினோம். வாட்டர் பம்பையும்தான், அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, பிறகு அது மட்டும் கசிந்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பெல்ட் ஓடும் சக்கரங்களில் உள்ள டைமிங் குறிகள் நேராக வருகின்றனவா என்று மெக்கானிக் பார்த்தார். இதை விடவே கூடாது.

வெடிப்பே இல்லாத பெல்ட்டும் திடீரென அறுந்துபோகலாம். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டியா? உடனே மாற்றிவிடுங்கள்.