மார்கழிக் கடைசியில் குழந்தையோடு ஊருக்கு: மலேசியக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரிலிருந்து சிறு பிள்ளையோடு ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் திட்டம் போடுகின்றன. சென்னையில் இறங்கித் துணிக்கடை, பிறகு காஞ்சிபுரம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம் என்று வேனில் கோயில் கோயிலாக ஒரு சுற்று. பெரியவர்களுக்கு அது மனநிறைவு. நான்கைந்து வயதுப் பிள்ளைக்கோ அந்தப் பயணம் முழுவதும் வேன் இருக்கையும் யாரோ ஒருவரின் தோளும்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே ஊரில் தங்குங்கள். அந்தப் பருவத்தில் அந்த ஊரார் கையால் செய்யும் ஏதாவது ஒன்றைப் பிள்ளையும் செய்யும்படி நாட்களை அமைத்துக்கொள்ளுங்கள். கோயில்களைப் பிள்ளை வளர்ந்த பிறகும் பார்க்கலாம்.

இதற்கு மார்கழியின் பின்பாதியும் பொங்கலும் சேர்ந்த நாட்களுக்கு இணை இல்லை. மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கிறது; பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. ஆனால் 2026 முதல் மலேசியப் பள்ளியாண்டு மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது. தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் விடுமுறை உண்டு. பொங்கலுக்கு நாடு முழுவதற்குமான பொது விடுமுறை இல்லை. முதலாம் ஆண்டில் சேர்ந்துவிட்ட பிள்ளையை அந்த வாரத்தில் ஊருக்கு அழைத்துப் போவது கடினம். ஆகவே பாலர் பள்ளிக் காலத்தை நழுவவிடாதீர்கள். மூத்த பிள்ளை பள்ளிக்குப் போகிறவர் என்றால், டிசம்பர் விடுமுறையில் போய் மார்கழிக் கோலத்தோடு திரும்புவது அடுத்த நல்ல வழி.

டிசம்பரில் போகிறவர்கள் மழையை மறக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தென்மாவட்டங்களில் அந்த மாதம் முழுவதும்கூட நீளும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகள் வெள்ளத்தின் நடுவே காத்திருந்தார்கள். திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டம் போகிறவர்களுக்குத் திருச்சியில் இறங்குவது நல்லது. கோலாலம்பூரிலிருந்து அங்கே நேரடி விமானம் உண்டு. சென்னை நெரிசலைத் தவிர்த்துவிடலாம். பினாங்குக்காரர்களுக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னைக்கு நேரடிச் சேவை தொடங்கியது. பயண நாளுக்கான கால அட்டவணையைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள். சென்னைதான் என்றால் போகி அன்று காலையில் இறங்காதீர்கள். பழைய பொருள் எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து 2018 போகியன்று விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது.

இந்திய ரயில்களில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. பொங்கல் வாரத்து டிக்கெட் திறந்த சற்று நேரத்திலேயே தீர்ந்துவிடும். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் டிக்கெட்டே தேவையில்லை. ஆனால் இரவுப் பயணத்தில் ஒரு படுக்கையில் இருவர் தூங்க முடியாது. கட்டணம் கொடுத்தாவது தனிப் படுக்கை எடுத்துவிடுங்கள்.

இனி பிள்ளையின் தூக்கம். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. கோலாலம்பூரில் காலை ஏழு மணிக்கு எழும் பிள்ளை, ஊரில் நாலரை மணிக்கு விழித்துக்கொள்ளும். பெற்றோர் பலர் இதைத் தொல்லையாக நினைத்துப் பிள்ளையை மறுபடி தூங்கவைக்கப் போராடுகிறார்கள். மார்கழியில் அந்தப் போராட்டமே வேண்டாம். தெருப் பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போடும் வேளை அதுதான். எங்கள் மகளுக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் மாட்டி வாசலில் உட்காரவைத்தோம். கூப்பிடாமலேயே பக்கத்து வீட்டு ஆச்சி அவள் கையில் ஒரு பிடி மாவைக் கொடுத்தார். வேறெந்த ஏற்பாடும் தேவைப்படவில்லை.

கோலத்துக்குப் பிள்ளையைக் கோலாலம்பூரிலேயே பழக்கிவிடலாம். பெரிய தாம்பாளத்தில் பச்சரிசி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால்தான் விரலிடுக்கிலிருந்து சீராக இறங்கும். நைசான மாவு கட்டிகட்டியாக விழும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளி எடுத்துப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குப் புள்ளி மட்டும் போதும். கோட்டைப் பெரியவர் இழுக்கட்டும். ஐந்து வயதில் மூன்று புள்ளி, மூன்று வரிசையைப் பிள்ளையே சுற்றி வளைத்துவிடும். நம் பேரங்காடிகளில் தீபாவளிக்குப் போடும் வண்ண அரிசிக் கோலத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஒரே வெள்ளை மாவில் தினமும் ஒரு புதுக் கோலம் பிறந்து மாலைக்குள் அழிந்துபோவது பெரிய வியப்பு. கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல்லை அரைத்த பொடி. கண்ணில் பட்டால் உறுத்தும். வாய்க்கும் போகக் கூடாது. சிறு கைக்கு அரிசிமாவே சரி.

கோலத்தின் நடுவில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூவைச் செருகுவார்கள். பிள்ளை தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். களிமண் உருண்டையிலும் பூ நிற்கும். பூவை வைக்கும் வேலையை மட்டும் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அந்தப் பூவையும் சாணத்தையும் மாலையில் சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைத்து மாதம் முழுவதும் சேர்ப்பார்கள். அது எதற்கு என்பது தை பிறந்த பிறகு தெரியும்.

சிறுவீட்டுப் பொங்கலுக்காகத்தான். இந்தப் பண்டிகையை மலேசியாவில் பிறந்து வளர்ந்த பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு வருத்தம். வாசலிலோ முற்றத்திலோ மண்ணைக் குழைத்துச் சிறுவர்கள் ஒரு குட்டி வீடு கட்டுகிறார்கள். சாண் உயரத்துக்குச் சுவர், வாசல், அடுக்களை, திண்ணை எல்லாம் உண்டு. மேலே கூரை கிடையாது. தை பிறந்தபின் ஒரு நாள், அந்த நாள் ஊருக்கு ஊர் மாறும், அந்த வீட்டுக்கு முன்னால் சிறு பானையில் பொங்கல் வைத்து, படைத்து, சேர்த்துவைத்த பூவறட்டிகளை ஆற்றில் விடுகிறார்கள். தாமிரபரணிக் கரை ஊர்களில் இன்றும் இதைப் பார்க்கலாம். தமிழர் பண்டிகைகளில் பிள்ளைகள் கை வேலையை நம்பி நடக்கும் ஒன்று இது. சுவர் கோணினாலும் அது அவர்கள் வீடு. உங்களுக்கு நெல்லைப் பக்கம் உறவு இருந்தால், அங்கே என்றைக்கு என்று நவம்பரிலேயே தொலைபேசியில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். மண் காய நேரம் வேண்டும். பொங்கலுக்கு நாலைந்து நாள் முன்னதாகவாவது போய்ச் சேருங்கள். அடுப்பை மூட்டுவதும் பானையை இறக்குவதும் பெரியவர் வேலை, ஆற்றுப் படித்துறையில் பிள்ளையின் கையை விடாமல் பிடிப்பதும் அப்படியே.

கொங்கு நாட்டு உறவு இருப்பவர்களுக்குப் போகியன்று காப்புக் கட்டு: பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சிறு கொத்தாகக் கட்டி வாசலிலும் கூரையிலும் செருகுவது. நூல் சுற்ற மூன்று வயதுக் கையும் போதும். தஞ்சைப் பக்கம் என்றால் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை; நெட்டி என்பது நீரில் வளரும் ஒரு செடியின் மென்மையான வெண்தண்டு.

ஓலைக்கு எந்த ஊரும் சரிதான். அடுத்த வீட்டு மலாய்க்காரர் கெத்துப்பாட்டுக்குத் தென்னங்குருத்தைப் பின்னுவதை நம் பிள்ளைகள் ஹரி ராயாவில் பார்த்திருப்பார்கள். ஊரில் அதே கைவேலை பனையோலையில் காற்றாடியாகவும் கிலுகிலுப்பையாகவும் வருகிறது. காற்றாடிக்கு நடுவில் குத்தும் கருவேல முள்ளைப் பெரியவர் மட்டும் தொட வேண்டும். பனை மட்டையின் கருக்குக் கையை அறுத்துவிடும். ஓலையைச் சீவித் துடைத்த பிறகே பிள்ளையிடம் கொடுங்கள். பல்லாங்குழி ஆட மஞ்சாடி என்னும் சிவப்பு விதை கிடைக்கும். கறுப்புப் பொட்டு உள்ள குன்றிமணியைப் பிள்ளையின் பக்கமே விடக்கூடாது. அதன் பருப்பு கொடிய நஞ்சு.

ஊரில் உறவே இல்லை, நான்கு தலைமுறைக்கு முன் அறுந்துவிட்டது என்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் சென்னையிலேயே தங்கலாம். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் பழைய வீடுகளும் குயவர் சக்கரமும் பிள்ளைகள் செய்துபார்க்கும் கைவினைகளும் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஜனவரி முற்பகுதியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கோலப்போட்டி நடக்கும். பெண்கள் தெருவையே நிறைத்துக் கோலமிடுவதைப் பிள்ளை அருகிலிருந்து பார்க்கலாம்.

தாள் வேலையை முன்கூட்டியே முடியுங்கள். பிள்ளைக்குத் தனிக் கடவுச்சீட்டு, தனி இ-விசா. இந்திய அரசின் தளத்தைப் போலவே தோன்றி அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் உண்டு. முகவரியைச் சரிபார்த்து விண்ணப்பியுங்கள். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும்.

திரும்பும்போது பெட்டியில் மண், விதை, பச்சை ஓலை, வறட்டி எதையும் வைக்காதீர்கள். மலேசியத் தனிமைப்படுத்தல் சோதனையில் அவை சிக்கும். சுட்ட மண் அகலும் சொப்புச் சாமானும் சுத்தமாகத் துடைத்திருந்தால் சிக்கல் இல்லை. துணிகளுக்கு நடுவே சுற்றிக் கைப்பெட்டியில் வையுங்கள்.

ஒரு கட்டம் போட்ட நோட்டை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள். அத்தை, ஆச்சி, எதிர்வீட்டு அக்கா என்று பழகிய ஒவ்வொருவரிடமும் ஒரு கோலம் வரைந்து வாங்குங்கள். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை, நேர்ப்புள்ளியா (வரிசைகள் நேருக்கு நேர்) ஊடுபுள்ளியா (முன் வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசைப் புள்ளி) என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல ஓரத்தில் எழுதிவிடுங்கள். படம் மட்டும் இருந்தால் அடுத்த மார்கழியில் உங்கள் அடுக்குமாடி வாசலில் பிள்ளை அதைப் போட முயலும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது.