கதை வாசிக்கும்போது பிள்ளையைப் பேச வையுங்கள்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாம் வாசிப்பதை விட, அது பேசுவதுதான் அதிகப் பயன் தரும். அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோருக்குக் கற்றுத்தந்த முறையின் அடிப்படை இதுதான்.

முதல் தடவை கதையை முழுதாக வாசித்துவிடுங்கள், கேள்வி வேண்டாம். மறுநாள் அதே புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டி, “இங்க என்ன நடக்குது?” என்று கேளுங்கள். “நாய் ஓடுது” என்றால், “ஆமா, கறுப்பு நாய் பூனையத் துரத்திட்டு ஓடுது” என இரண்டு மூன்று சொல் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு அதைப் பிள்ளையைச் சொல்ல வையுங்கள். கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். பெரும்பாலோர் அவசரப்பட்டுத் தாங்களே பதில் சொல்லிவிடுகிறோம், அங்கேதான் முறை கெடுகிறது.

“இது நாயா?” போன்ற கேள்விக்குத் தலையாட்டினாலே போதும், பேச்சு வராது. பக்கத்துக்குப் பக்கம் கேட்டாலோ கதை பரீட்சையாகிவிடும். நாலைந்து கேள்விக்கு மேல் வேண்டாம். உச்சரிப்பையும் அப்போது திருத்தாதீர்கள்.

பத்து நிமிடம் போதும். ஒரே புத்தகத்தை நாலைந்து நாள் வைத்துக்கொள்ளலாம். எழுத்து வாசிக்கத் தெரியாத தாத்தா பாட்டியும் படத்தைப் பார்த்தே இதைச் செய்யலாம், அவசியம் அவர்களையும் உட்கார வையுங்கள். பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வயதுக்கு முதல் நிலைக் கதைகளை எடுங்கள்.