9 மி.மீ. ரிவால்வர் வாங்கலாமா? பணம் கட்டும் முன் செய்து பார்க்க வேண்டியவை

"அண்ணா, வீட்டில் ஏற்கெனவே 9 மி.மீ. பிஸ்டல் இருக்கு. ரிவால்வரையும் 9 மி.மீ.யிலேயே வாங்கிட்டா ஒரே தோட்டா ரெண்டுக்கும் ஆகுமே?" டாலஸில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான். நான்கு வருடத்துக்கு முன்பு நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் வாங்கினேன். கணக்கு சரிதான். ரிவால்வர்களில் வழக்கமாகப் போடும் .38 ஸ்பெஷலைவிட 9 மி.மீ. தோட்டா இங்கே எந்தக் கடையிலும் மலிவு. ஆனால் வாங்கிய இரண்டாவது வாரமே ரேஞ்சில் (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்தில்) ரிவால்வர் பாதியில் இறுகி நின்றது. அது ஏன் நின்றது, வாங்கும் முன்பே அதை எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதைத்தான் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே எழுதுகிறேன்.

இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம். படிவம், பின்னணிச் சோதனை, பாதுகாப்பு விதிகள் எல்லாம் முதல் துப்பாக்கி வாங்கும்போதே பார்த்திருப்பீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: இரண்டு தோட்டாக்களைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்

ஒரு .38 ஸ்பெஷல், ஒரு 9 மி.மீ. இரண்டையும் மேசையில் நிறுத்துங்கள். .38-இன் அடியில் தட்டு மாதிரி ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலிண்டருக்குள் தோட்டா வழுக்கிப் போகாமல் நிற்பது அந்த விளிம்பால். சுட்ட பிறகு மிஞ்சும் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு பிடிப்பதும் அந்த விளிம்பைத்தான். 9 மி.மீ.யில் அந்த விளிம்பு கிடையாது. மேகசினுக்குள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்ல வேண்டும் என்பதால் விளிம்புக்குப் பதில் ஒரு பள்ளம்தான் இருக்கும். ஆகவே ரிவால்வருக்கு அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும்.

அந்த வழி 1917-லேயே வந்துவிட்டது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது ராணுவத்திடம் போதுமான ‘1911’ ரகப் பிஸ்டல்கள் இல்லை. கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸனும் தங்கள் பெரிய ரிவால்வர்களை அந்தப் பிஸ்டலின் விளிம்பில்லாத .45 ஏசிபி தோட்டாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு நிறுவனமும் சேர்ந்து சுமார் 3 லட்சம் செய்தார்கள். மூன்று தோட்டாக்களைப் பள்ளத்தில் கவ்விப் பிடிக்கும் அரைவட்ட எஃகுத் தகடு ஒன்று அதோடு வந்தது. அரைநிலா மாதிரி இருந்ததால் அதற்கு ஹாஃப் மூன் கிளிப் என்றே பெயர். இன்று முழு வட்டமாக வருவது மூன் கிளிப்.

படி 2: நீங்கள் பார்க்கும் துப்பாக்கி எந்த வகை?

பெரும்பாலானவை மூன் கிளிப் வகை. ரூகர் எல்சிஆர், ஸ்மித் அண்ட் வெஸன் 986, 929 எல்லாம் இதில் சேரும். கிளிப் இல்லாமல் கூட்டை இழுக்கும் வகையும் உண்டு. சார்ட்டர் ஆர்ம்ஸ் பிட்புல்லில் நட்சத்திரத் தகட்டிலேயே ஸ்பிரிங் வைத்த சின்ன விரல்கள் பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, ரூகர் பிளாக்ஹாக் மாதிரி இரண்டு சிலிண்டரோடு வருவது. ஒன்று .357 மேக்னம் தோட்டாவுக்கு (அதில் .38-உம் போடலாம்), இன்னொன்று 9 மி.மீ.க்கு. அதில் ஒவ்வொரு கூட்டையும் தண்டால் முன்பக்கமிருந்து தள்ளி எடுப்பதால் விளிம்பே தேவையில்லை. நிதானமாக ரேஞ்சில் சுட்டுப் பழக எனக்கு அதுதான் மிகவும் பிடித்த வகை.

கடைக்காரரிடம் "கிளிப் இல்லாமல் போட்டால் சுடுமா?" என்றும் கேளுங்கள். பல ரிவால்வர்கள் சுடும், ஆனால் கூட்டைப் பென்சிலால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டிவரும். சில சுடாது. கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முடிவு.

படி 3: கிளிப்பைக் கையில் எடுங்கள்

கிளிப் வேண்டாத தொல்லை என்று நினைத்துத்தான் பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது தலைகீழ். ஐந்து தோட்டாவும் ஒன்றாக உள்ளே போகும், ஐந்து கூடும் ஒன்றாக வெளியே வரும். சின்ன .38 ரிவால்வரில் தள்ளுதண்டு குட்டையாக இருப்பதால் நீளமான கூடு பாதியில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். .38-இன் கூடு 29 மி.மீ. நீளம், 9 மி.மீ.யின் கூடு 19 மி.மீ.தான். ஒரே தள்ளில் விழுந்துவிடும். 1999-இல் வேகச் சுடுதலுக்குப் பேர்போன ஜெர்ரி மிக்யூலெக் .45 ஏசிபி ரிவால்வரில் ஆறு சுட்டு, மாற்றிப் போட்டு, மறுபடி ஆறு சுட 2.99 விநாடிதான் எடுத்துக்கொண்டார். அந்த வேகம் மூன் கிளிப்பால் வந்தது.

ஆனால் கிளிப் வளையக் கூடாது. ஒரு மயிரிழை வளைந்தாலும் சிலிண்டர் உரசும், விசை கனக்கும், சில நேரம் சுழலாது. வெறும் கிளிப்பைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள். ஆடினால் தூக்கிப் போடுங்கள், நிமிர்த்த வேண்டாம். கூட்டைக் கழற்ற இடுக்கி பயன்படுத்தினால் கண்டிப்பாக வளையும். அதற்கென்றே குழாய் மாதிரி கருவி விற்கிறார்கள், அதை முதல் நாளே வாங்குங்கள். கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மூடியோடு இருக்கும் சின்ன டப்பா போதும்.

படி 4: குண்டு நகர்கிறதா என்று அளந்து பாருங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். நான் வாங்கியது அரைக் கிலோகூட இல்லாத இலேசான ரிவால்வர். மூன்று சுட்டேன், நன்றாக இருந்தது. நான்காவதுக்கு விசையை இழுத்தால் அசையவே இல்லை. விரலை எடுத்துவிட்டு, குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் பக்கவாட்டில் விளக்கடித்துக் காட்டினார். சிலிண்டரின் முன்பக்கம் செப்பு நிறத்தில் ஒரு குண்டின் மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டு துப்பாக்கியின் சட்டத்தில் (ஃபிரேமில்) முட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சுழலவும் இல்லை, திறக்கவும் இல்லை.

ரிவால்வர் பின்னால் உதைக்கும்போது கிளிப்பில் மாட்டிய கூடுகளும் அதோடு பின்னால் போகின்றன. உள்ளே இருக்கும் குண்டு தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு வெடிக்கும் குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் வெளியே வருகிறது. ரிவால்வருக்கென்றே செய்யும் .38, .357 தோட்டாக்களில் கூட்டின் வாயை உள்நோக்கி மடித்துக் குண்டைக் கவ்வ வைப்பார்கள். 9 மி.மீ.யில் அப்படி மடிக்க முடியாது. பிஸ்டலில் அந்த வாய் விளிம்புதான் தோட்டாவை அறைக்குள் நிறுத்துகிறது. போதாததற்கு 9 மி.மீ.யின் அழுத்தமும் அதிகம். சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அனுமதி, .38 ஸ்பெஷலுக்கு 17,000. அதோடு துப்பாக்கி இலேசாகவும் இருந்தால் உதை இன்னும் கூடும்.

சோதனை எளிது, ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் இருந்தால் போதும். ஒரு தோட்டாவின் அடியில் மார்க்கரால் புள்ளி வைத்து, அடியிலிருந்து மூக்கு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அது கடைசியாகச் சுடும் இடத்தில் வரும்படி போடுங்கள். மற்ற நான்கையும் சுடுங்கள். பிறகு புள்ளி வைத்ததை வெளியே எடுத்து மறுபடி அளங்கள். இப்படி ஒரே பெட்டியில் ஐந்தாறு முறை. கால் மில்லிமீட்டர் நீண்டாலே நான் அந்த ரகத்தை இலேசான துப்பாக்கியில் போடுவதில்லை. அளந்து நீண்டுபோன தோட்டாவைச் சுடாமல் தனியே வைத்துவிடுங்கள். கனமான 147 கிரெயின் குண்டு (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) பொதுவாக 115 கிரெயினைவிட அதிகம் நகரும். ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அளக்காமல் நம்ப வேண்டாம்.

வாங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும் என்றால், வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்குப் போங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாடல், அதே எடை இருக்க வேண்டும். எஃகு மாடலில் சோதித்துவிட்டு அலுமினிய மாடல் வாங்கினால் அளந்தது வீண்.

இனி முடிவு

போட்டிக்கு என்றால் தயங்காமல் வாங்குங்கள். எஃகுச் சட்டம், எட்டுத் தோட்டா, மூன் கிளிப். யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கி சுடுதல் போட்டி அமைப்பின் ரிவால்வர் பிரிவில் சுடுபவர்கள் கையில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். தோட்டாச் செலவைக் குறைத்துப் பழக வேண்டும் என்றால் இரண்டு சிலிண்டர் வகை. தற்காப்புக்கு இடுப்பில் வைக்க இலேசான 9 மி.மீ. வேண்டும் என்றால், படி 4-இல் தேறிய ஒரே ஒரு ரகத் தோட்டாவை மட்டும் போடுவேன் என்ற உறுதியோடுதான் வாங்க வேண்டும். அப்போது "பிஸ்டலுக்கு வாங்கியதே இதற்கும் ஆகும்" என்ற கணக்கில் பாதி போய்விடுகிறது. வீட்டில் ஒரே ஒரு ரிவால்வர்தான் என்றால் .357 வாங்கி .38 போட்டுச் சுடுங்கள். தம்பிக்கும் அதைத்தான் சொன்னேன். நான் அந்த இலேசான துப்பாக்கியை விற்றுவிட்டு ஒரு கிலோவுக்கு மேல் கனமுள்ள எஃகு ரிவால்வர் வாங்கினேன். இதுவரை ஒரு குண்டும் நகரவில்லை.

பின்னர் சேர்த்தது: "புதுக் கிளிப்தான், வளையவும் இல்லை, ஆனாலும் தோட்டா கிளிப்பில் லொடலொடவென்று ஆடுகிறது, சில தோட்டா வெடிக்கவும் இல்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கூட்டின் அடிப் பள்ளம் எல்லாத் தயாரிப்பிலும் ஒரே அளவு அல்ல. ஒரு கிளிப்பில் இறுக்கமாக உட்காரும் கூடு இன்னொன்றில் ஆடும். ஆடினால் சுத்தியல் அடிக்கும்போது தோட்டா முன்னால் நழுவி, அடி பலவீனமாக விழக்கூடும். கூட்டின் அடியில் அச்சடித்திருக்கும் தயாரிப்பாளர் குறியைப் பாருங்கள், ஒரே குறியுள்ளதை மட்டும் பிரித்து வையுங்கள், அதற்குப் பொருந்தும் தடிமனில் கிளிப் வாங்குங்கள். அவர் அப்படிப் பிரித்த பிறகு 50-உம் வெடித்ததாக எழுதினார். இலேசான ஸ்பிரிங்கும் அடியைப் பலவீனமாக்கும், அதனால் விசையை இலேசாக்க ஸ்பிரிங்கை மாற்றியவர்கள் முதலில் பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.