சேலத்திலிருந்து நார்வே கடலோரக் கப்பல் பயணம்: கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு வழிமுறை

பெர்கனில் ஏறி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்க்கெனெஸில் இறங்குகிற கப்பலைப் பற்றிய பதிவு இது. பாஸ்போர்ட் எடுப்பது, ஃப்ளைட் தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை. பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய இரண்டு விஷயங்களுக்குத்தான் இங்கே இடம் அதிகம்: ரூட், பெயர். இந்த இரண்டில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

படி 1: எந்தக் கப்பல், எந்த ரூட்

1893 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கடலோர சர்வீஸ் இது. இப்போது ஹுர்டிக்ரூட்டன், ஹவிலா என்று இரண்டு கம்பெனிகள் ஓட்டுகின்றன. வழியில் 34 துறைமுகங்கள். பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் போய் மறுபடி பெர்கன் திரும்ப 12 நாள்; வடக்கே மட்டும் போனால் 6 இரவு. முதல் தடவைக்கு வடக்கே மட்டும் போதும். கிர்க்கெனெஸிலிருந்து ஆஸ்லோவுக்கு ஃப்ளைட்டில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.

நீச்சல் குளம், கேசினோ, மேடை நிகழ்ச்சி எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். சரக்கும் உள்ளூர் ஜனங்களும் ஏறி இறங்குகிற கப்பல் இது. பல துறைமுகங்களில் கால் மணி, அரை மணி நேரம்தான் நிற்கும், அதுவும் சில இடங்களில் நடுராத்திரியில். ஜன்னல் வழியாக மலையும் கடலும் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல பயணம் கிடையாது. துணைக்கு வருகிறவருக்கும் அது பிடிக்குமா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

விலை குறைவாக இருக்கிறதே என்று பலர் சிக்குவது வேறு இரண்டு ரூட்டுகளில். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளம்பி நார்வே ஃபியோர்டுகளை (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்) சுற்றும் பெரிய கப்பல்களுக்கு பிரிட்டன் விசா தனி, ஷெங்கன் விசா (நார்வே உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) தனி. இன்னொன்று வடதுருவப் பக்கம் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகள். அது நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது, ஆனால் ஷெங்கன் பகுதியில் சேராது. அங்கே போய்த் திரும்பினால் ஷெங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைவதாகக் கணக்கு. ஒரே ஒரு நுழைவு என்று போட்ட விசாவோடு போனவர்கள் திரும்பி வர முடியாது. பெர்கன்–கிர்க்கெனெஸ் ரூட்டில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, முழுக்க நார்வேதான்.

மாதம்: நார்வேயின் வடகோடியில் இருக்கும் நார்த் கேப் முனைப் பக்கம் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறையாது. வடதுருவ ஒளி பார்க்க செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை போக வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. என் ஓட்டு ஜூனுக்கு. கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் ஹுர்டிக்ரூட்டன் போவதும் கோடையில்தான்.

படி 2: பெயர் (இதை அவசரமாகப் படிக்காதீர்கள்)

நம் ஊர்ப் பெயர்கள் இன்ஷியலோடு இருக்கும், வெளிநாட்டு ஃபாரம்கள் குடும்பப் பெயர் கேட்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஒரு உதாரணம். கணவரின் பாஸ்போர்ட்டில் பெயர் செந்தில்குமார், சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் பழனிசாமி. மனைவியின் பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, சர்நேம் கட்டத்தில் கணவர் பெயர் செந்தில்குமார். கப்பல் கம்பெனியின் சைட்டில் முதல் பயணியின் விவரத்தைப் போட்டதும், இரண்டாம் பயணியின் சர்நேமும் சில நேரம் தானாகவே பழனிசாமி என்று நிரம்பிவிடலாம். கவனிக்காமல் அடுத்த பக்கம் போனால் கவிதா பழனிசாமி என்ற பெயரில் டிக்கெட் வந்து நிற்கும். அப்படி ஒரு ஆள் எந்த பாஸ்போர்ட்டிலும் இல்லை.

அதனால் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்து, சர்நேம் எது, கிவன் நேம் (சொந்தப் பெயர்) எது என்று எழுத்துக்கு எழுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட், கப்பல், ஹோட்டல், இன்ஷூரன்ஸ், விசா எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைப் பார்த்தே டைப் செய்யுங்கள். கவிதாவில் ஒரு ஹெச் கூடினாலும் குறைந்தாலும் ஏஜென்ட்டிடம் சொல்லி உடனே மாற்றுங்கள். கணவன் மனைவிக்கு வேறு வேறு சர்நேம் இருப்பதால் ஒரே கேபின் தரமாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

சர்நேம் கட்டமே காலியாக இருந்தால்? விமானக் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். சிலர் இருக்கிற பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சிலர் அதை சர்நேமாகப் போட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்வார்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் ஈமெயிலில் கேட்டு, பதிலை பிரிண்ட் எடுத்துக் கையில் வையுங்கள். வழியில் துபாயில் இறங்கி ஊர் சுற்றவும் நினைத்தால் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் அங்கே பெரிய தடை. ஆறேழு மாதம் நேரம் இருக்கிறது என்றால் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூவுக்குக் கொடுத்து சர்நேமைச் சேர்ப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அதற்கு முன் ஆதாரிலும் பானிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாங்க் கணக்கு பி. செந்தில்குமார் என்றும் பாஸ்போர்ட் செந்தில்குமார் பழனிசாமி என்றும் இருப்பது சகஜம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு நோட்டரி அஃபிடவிட் ஃபைலில் வைத்தால் நல்லது.

படி 3: விசா

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் எடுக்கமாட்டார்கள். ஜூன் பயணம் என்றால் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள், ஏப்ரல், மே மாதங்களில் ஸ்லாட் கிடைப்பது கஷ்டம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்பத்தை வாங்கி அனுப்பும் விஎஃப்எஸ் கம்பெனியின் சர்வீஸ் சார்ஜ் தனி. நார்வேக்கு முதலில் அவர்களுடைய குடிவரவுத் துறை சைட்டில் ஃபாரம் நிரப்பிப் பணம் கட்ட வேண்டும். அங்கே வருகிற கவர் லெட்டரை பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு விஎஃப்எஸ்ஸில் கொடுக்க வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு சென்னை, பெங்களூரு இரண்டும் சரிதான். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என இரண்டு ஸ்லாட் போடுங்கள்.

பாஸ்போர்ட் கடைசி 10 வருஷத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஷெங்கனை விட்டு வெளியேறும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும், 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர். இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. கல்யாண சர்டிஃபிகேட் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையுங்கள். மனைவிக்குத் தனி வருமானம் இல்லையென்றால் முழுச் செலவும் தன்னுடையது என்று கணவர் ஒரு கடிதம் எழுதி, தன் பாங்க் ஸ்டேட்மென்ட்டை இரண்டு ஃபைலிலும் வைக்க வேண்டும். கணவர் ஃபைலில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு ஃபைலும் தனித்தனியாகத்தான் பார்க்கப்படும்.

வருமானத்தைக் காட்டும் விதத்தில்தான் நம் பக்கத்து ஆட்கள் தடுமாறுகிறார்கள். வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, விசைத்தறி வைத்திருப்பவர்கள் ஜிஎஸ்டி பதிவு, உத்யம் சான்று, வருமான வரி ரிட்டர்ன் மூன்றையும் சேர்த்து வைத்தால் போதும். ஏற்காட்டில் காபித் தோட்டம் இருப்பவர்களுக்கு வேறு கதை. காபிப் பழத்தை அப்படியே விற்றால் அது விவசாய வருமானம், வரி கிடையாது. ரிட்டர்னில் வருமானம் சொற்பமாகத் தெரியும், பாங்கில் லட்சக்கணக்கில் வரவு இருக்கும். பார்க்கிற அதிகாரிக்கு இது சந்தேகமாகத்தான் படும். ரிட்டர்னில் விவசாய வருமானத்துக்கான கட்டத்தை நிரப்பி, பட்டா, சிட்டா நகலோடு காபி வியாபாரி கொடுத்த பில்லையும் வைத்து, அரைப் பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதம் எழுதுங்கள். ஏலச்சீட்டு எடுத்த பணத்தை விண்ணப்பிக்கிற மாதத்தில் மொத்தமாகக் கணக்கில் போடுவதையும் தவிர்க்கலாம். போட்டே ஆக வேண்டும் என்றால் சீட்டு பாஸ்புக் நகலை இணையுங்கள்.

படி 4: கேபின்

போட்டிருக்கும் விலை பெரும்பாலும் இருவர் தங்கினால் ஒரு ஆளுக்கு என்ற கணக்கு. பழைய கப்பல்களில் பல கேபின்களில் தனித்தனியாக இரண்டு ஒற்றைக் கட்டில்தான் இருக்கும், ஒன்று பகலில் சோஃபாவாக மடியும். டபுள் பெட் வேண்டுமென்றால் கேபின் வகையிலேயே அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சைவம் என்றால் புக்கிங்கிலேயே குறிப்பிட்டு, மீனும் முட்டையும் கூடாது என்று தனியாக எழுதுங்கள்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிறவரா? அப்படியானால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேபின் கேளுங்கள், ஆட்டம் குறைவு. பெரும்பாலும் தீவுகளின் மறைவில்தான் கப்பல் போகும். ஸ்டாட் முனை, ஹுஸ்டாட்விகா, லோஃபோடனுக்கு முன்னால் வெஸ்ட்ஃபியோர்டன் ஆகிய இடங்களில் திறந்த கடல். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பலனில்லை. எந்த மாத்திரை என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அவோமின் போன்றவை நன்றாகத் தூங்க வைத்துவிடும்.

படி 5: பெட்டி

ஏற்காட்டு டிசம்பருக்குப் போடுகிற கம்பளி ஸ்வெட்டர் மட்டும் போதாது. ஜூனிலும் வடக்கே 10 டிகிரி பக்கம்தான், டெக்கில் காற்று அதற்கு மேல். உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்கு. பெங்களூரு அல்லது கோவை டெகாத்லானில் மூன்றும் கிடைக்கும். மேல் ஜாக்கெட்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். குடை வேண்டாம், பெர்கன் காற்றில் மடங்கிவிடும். நடுராத்திரி வெயிலுக்குக் கண்பட்டை அவசியம்.

நெய், பால்கோவா, பால் பவுடர், இறைச்சி ஊறுகாய் எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர நார்வேயில் தடை. தட்டு வடை, முறுக்கு, பருப்புப் பொடி தாராளமாக எடுத்துப் போகலாம். குட்டி ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றைத் தீ விபத்துப் பயத்தில் கப்பல்களில் அனுமதிப்பதில்லை. மின்சாரம் 230 வோல்ட்தான். செல்போன் சார்ஜரின் இரண்டு பின் பொருந்தும், நம் ஊர் மூன்று பின் பொருந்தாது.

ரொக்கம் கிட்டத்தட்ட தேவையே இல்லை, எல்லாம் கார்டு. யூரோ ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துப் போனால் நார்வே பணமான குரோனருக்கு மாறும்போது ஒரு வெட்டு விழும். மார்க்-அப் (வெளிநாட்டுச் செலவுக்கு பாங்க் போடும் கூடுதல் கட்டணம்) இல்லாத கார்டு இருவரிடமும் ஒவ்வொன்று இருக்கட்டும், வேறு வேறு பாங்காக இருந்தால் இன்னும் நல்லது. ஏஜென்ட் பேக்கேஜில் பிடிக்கும் டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) யாருடைய பானில் விழுகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 6: நாள் கணக்கு

ஆஸ்லோ 2 இரவு. அங்கிருந்து ரயிலில் மிர்டால், மிர்டாலிலிருந்து ஃப்ளோம் ரயில்: 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் இறங்கும். ஃப்ளோமில் 1 இரவு, மறுநாள் குட்வாங்கனுக்குப் படகு, பிறகு பஸ்சும் ரயிலுமாக பெர்கன். பெர்கனில் 2 இரவு, கப்பலில் 6, திரும்ப ஆஸ்லோவில் 1. மொத்தம் 12 இரவு. பெர்கனில் கப்பல் ஏறும் நாளன்றே ஊருக்குள் வந்து சேருகிற மாதிரி போடாதீர்கள், ஃப்ளைட் தாமதமானால் கப்பல் நிற்காது.

நார்த் கேப் போய் வர, அதற்குப் பக்கத்துத் துறைமுகமான ஹோன்னிங்ஸ்வோகில் மூன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். கப்பல் கம்பெனியின் பஸ்சில் போனால் அந்த பஸ் வரும் வரை காத்திருப்பார்கள். தனியாக டாக்சி பிடித்துப் போய்த் தாமதித்தால் கப்பல் கிளம்பிவிடும். மற்ற ஊர்களில் பணம் மிச்சம் பிடியுங்கள், டிராம்சோ, ட்ரோண்ட்ஹெய்ம், ஓலெசுண்ட் எல்லாம் நடந்தே பார்க்கக்கூடியவை. நார்த் கேப்புக்கு மட்டும் கம்பெனி பஸ்தான்.

பிறகு சேர்த்தவை

பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு சேலத்திலிருந்து எவ்வளவு நேரம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் வரை பிரச்சினை இல்லை, அதன் பிறகு ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். வீட்டிலிருந்து ஏர்போர்ட் வாசல் வரை ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புது முறை வந்திருக்கிறது. ஃப்ராங்ஃபர்ட் வழியாகப் போனால் அந்த வரிசை அங்கேயே. அடுத்த ஃப்ளைட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி வேண்டாம். வளைகுடா வழியாக ஆஸ்லோவில் இறங்கி அப்படியே பெர்கனுக்கு உள்நாட்டு ஃப்ளைட் மாறுகிறவர்கள், பெட்டியில் பெர்கன் டேக் இருந்தாலும் ஆஸ்லோவில் பெல்ட்டில் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

கிர்க்கெனெஸுக்குக் கப்பல் காலை 9 மணிக்கு வருகிறது. ஆஸ்லோ ஃப்ளைட்டை மதியத்துக்கு மேல் போடுங்கள், இந்தியா ஃப்ளைட்டை மறுநாளுக்கு.